பாவனை வானமும் திணைநிலமும்

கணிப்பொறியின் துணைகொண்டு, இருந்த இடத்திலிருந்தே வானூர்தி ஓட்டிப் பழகும் கலை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இளைஞர் இதனை ஃபிளைட் சிமுலேட்டர் என வழங்குவர். நிகழாத ஒன்றை நிகழ்வது போலவே காட்டிப் பழக்குதலின், இக்கட்டுரையில் இதனைப் பாவனைப் பறப்பு என்போம். இதனை வெறும் விளையாட்டென்று ஒதுக்குவர் ஒரு சாரார். இதற்கு வேண்டிய நிலக்காட்சிகளை இனி எந்திரமே ஆக்கிவிடும், ஆர்வலர் உழைப்புக்கு இனி வேலையில்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளும் பொருந்தா என்பதும், ஆர்வலர் ஆக்கிய நிலக்காட்சிகளின் சிறப்பையும் குறையையும் அளப்பதற்குத் தமிழிலேயே தக்கதோர் அளவுகோல் உண்டு என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

பழகிப் பறத்தல்

பறக்குமுன் பழகுதல் என்னும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தச்சன் ஒருவனைக் கொண்டு மயிற்பொறி செய்விக்கிறான். செய்வித்ததோடு அமையாது, அதனை ஏற்றவும் இறக்கவும் விசயைக்குப் பயிற்சியும் அளிக்கிறான். கட்டியங்காரன் படை அரண்மனையைச் சூழ்ந்த நாளில், அப்பயிற்சியே கருவுற்ற அரசியைக் காத்துச் சுடுகாட்டில் கொண்டு இறக்குகிறது. இதனைக் காட்டி, வானூர்தியை முதலிற் கண்டவர் தமிழரே என மேடையேறிப் பேசுவாரும் உளர். காப்பியக் கற்பனையை வரலாறாக்குதல் ஆராய்ச்சி முறையன்று. பொறியைச் செய்தல் வேறு, அதனைச் செலுத்தப் பழகுதல் வேறு, இரண்டும் இடர் வருமுன்னரே முடிந்திருத்தல் வேண்டும் என்னும் தெளிவு திருத்தக்க தேவர்க்கு இருந்தது என்ற அளவில் கொள்வதே முறை.

மேலைநாட்டில் இவ்வெண்ணம் செயலுருப் பெற்ற வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்காவில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை உடையவரின் மகன் எட்வின் லிங்க். இசைக்கருவிக்குரிய காற்றுத் துருத்திகளைக் கொண்டே, தரையில் நின்றபடி சாய்ந்தும் சுழன்றும் காட்டும் ஒரு சிறு வானூர்திப் பெட்டியை அவர் 1929-இல் உருவாக்கினார். தொடக்கத்தில் அதனை மதித்து வாங்கியவை பொழுதுபோக்குக் கூடங்களே. 1934-இல் அஞ்சல் ஏற்றிச் செல்லும் பணியில் விமானிகள் பலரை இழந்த பின்னரே அமெரிக்க வான்படை அதனை நாடிற்று. இரண்டாம் உலகப் போரில் எண்ணிறந்த விமானிகள் அப்பெட்டியிலேயே முதற்பாடம் கற்றனர். விளையாட்டு என்று ஒதுக்கப்பட்டதே பின்னர் உயிர்காக்கும் பள்ளியாயிற்று. முதற்சாரார் கொள்கைக்கு இவ்வொரு வரலாறே போதிய மறுப்பாகும்.

கணிப்பொறியில் இக்கலை புகுந்தது அதன் பின்னர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1975-இல் இத்துறையில் ஆய்வேடு எழுதிய புரூஸ் ஆர்ட்விக், அப்பத்தாண்டின் இறுதியில் ஆப்பிள் கணிப்பொறிக்கென ஒரு பாவனைப் பறப்பை ஆக்கினார். 1982-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவர் ஆக்கத்தை ஏற்று வெளியிட்டது. அந்நாளைய நிலம் என்பது கோடுகளால் ஆகிய சில கட்டங்களே. அக்கட்டங்களில் ஊரும் மலையும் துறையும் அமைக்க முற்பட்டவருள் பெரும் பங்கினர் ஊதியம் கருதாத ஆர்வலர் ஆவர். 1997 முதல் வெளிவரும் ஃபிளைட்கியர் என்னும் மென்பொருள் முழுவதும் தன்னார்வலர் படைப்பு. எவரும் பெறலாம், எவரும் திருத்தலாம். எக்ஸ்-பிளேன் என்னும் மற்றொன்று, உலக வானூர்தி நிலையங்களை ஆர்வலரே வரைந்து அனுப்பும் பொதுக் களஞ்சியம் ஒன்றை நடத்துகிறது. மைக்ரோசாஃப்ட் 2009-இல் தன் பறப்புப் பிரிவை மூடிய பின்னர், 2020-இல் புதிய பதிப்பு வரும்வரை, 2006-இன் பழைய பதிப்புக்கு உயிரூட்டி வந்ததும் பெரும்பாலும் இவ்வார்வலரின் கைகளே.

இவருள்ளும் இருவகையினர் உளர். நிலக்காட்சி ஆக்குவோர் ஒருவகையினர். அதனை ஆக்குதற்குக் கருவி செய்து தருவோர் மற்றொரு வகையினர். உயர அளவைகளைப் படித்து மேடுபள்ளமான நிலமாக மாற்றும் கருவி, ஓடுபாதையும் நிறுத்துமிடமும் வரையும் கருவி, மரங்களை நிரல்பட நடும் கருவி எனப் பல உள. காட்சியைப் புகழ்வார் கருவி செய்தவனை நினைப்பதில்லை. மயிற்பொறியைப் பாடிய காப்பியத்தைப் படிப்போருள்ளும் தச்சனை நினைப்பார் எத்தனை பேர்?

அளவுகோல்

இனி, இந்நிலக்காட்சிகளை எதனால் அளப்பது? மெய்யைப் போல இருக்கிறதா என்னும் ஒரே வினாவைத்தான் ஆர்வலர் தமக்குள் எழுப்பிக்கொள்கின்றனர். அவ்வினா போதாது. நிழற்படமும் மெய்யைப் போலவே இருக்கும். அதனால் அது ஊராகிவிடாது.

நிலத்தைப் பற்றித் தொல்காப்பியம் வகுத்த முப்பகுப்பை ஆசிரியர் அனைவரும் அறிவர். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன கருப்பொருள். அந்நிலத்து மக்களின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்து செல்வன என்பதும் அவ்விலக்கணத்தின் துணிபு. செய்யுட்கு வகுத்த இலக்கணத்தைக் கணிப்பொறிக் காட்சிக்குப் பொருத்துவது மிகை என்பார்க்கு ஒன்று கூறலாம். இரண்டும் இல்லாத நிலத்தைக் கண்முன் நிறுத்தும் கலைகளே. ஒன்று சொல்லால் செய்கிறது. மற்றொன்று எண்ணால் செய்கிறது.

முதற்பொருள்

நிலத்தின் வடிவை இக்கலை பெற்றது எவ்வாறு? 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் என்னும் விண்ணோடம் பதினொரு நாட்கள் புவியைச் சுற்றி, ரேடார் அலைகளால் நிலப்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கை அளந்தது. அவ்வளவைகள் முதலில் ஏறத்தாழ 90 மீட்டருக்கு ஒரு புள்ளியாகவும், பின்னர் 30 மீட்டருக்கு ஒரு புள்ளியாகவும் உலகினர்க்கு வழங்கப்பெற்றன. ஆர்வலர் இதனைக் கொண்டு மலையும் பள்ளத்தாக்கும் உரிய இடத்தில் உரிய உயரத்தில் அமையுமாறு செய்தது பெருஞ்சாதனை. இதில் அவர்களைப் பாராட்டாதிருத்தல் நேர்மையன்று.

ஆயினும் குறைகளும் உள. சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கைச் சான்றாகக் கொள்வோம். அவ்வூர்ப் பூங்காவில், ‘சிறிய குயிலின்’ எனச் சீன நாட்டு மலைநகரின் பெயரால் வழங்கும் ஏரி ஒன்றுண்டு. அது பழைய கற்சுரங்கம். கல்லெடுத்த குழியில் நீர் நிறைந்து, அதன் கரையில் பாறைச் சுவர் செங்குத்தாக நிற்கிறது. 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என அளந்தால், சுவரின் உச்சி ஒரு புள்ளியிலும் அடி அடுத்த புள்ளியிலும் வீழும், இடைப்பட்டது சரிவாகிவிடும். அழகெல்லாம் செங்குத்தில் இருக்க, அச்செங்குத்தே மறைந்துபோகும். மேலும், ரேடார் அளப்பது மண்ணின் உயரத்தை மட்டுமன்று. மரமுடியும் மாடிவீடும் அதனுட் கலந்துவிடும். அடுக்குமாடி நெருங்கிய அவ்வூரில், வீடுகளின் உயரம் நிலத்தின் உயரமாகக் கணக்கிடப்பெற்று, அதன்மேல் மீண்டும் வீடு நிறுத்தப்பெறுதலும் கூடும்.

அவ்வூரில் வாழும் என் தமக்கை மகன் இக்கலையில் ஈடுபட்டவன். அப்பாறைச் சுவரைப் பிளெண்டர் என்னும் வரைகருவியில் தனிப்பொருளாக ஆக்கி, சரிவின்மேல் சாத்தி நிறுத்த அவனுக்கு மூன்று திங்கள் ஆயின. ஏரியின் நாற்புறமும் நின்று படமெடுத்தான். படத்தில் அகப்படாத அளவுகளைக் காலால் நடந்து அளந்தான். வானூர்தி அவ்விடத்தைக் கடக்கும் நேரமோ சில நொடி. “இதற்கா மூன்று திங்கள்?” என்றேன். “மாமா, தெரிந்த ஊரைத் தவறாக விட்டுவிட்டு எப்படிப் பறப்பது?” என்றான். ஆர்வலர் உள்ளம் இத்தகையது.

கடற்கரையின் நிலை இன்னும் நுட்பமானது. சிங்கப்பூர் கடலைத் தூர்த்து வளரும் நாடு. 1981-இல் தொடங்கிய சாங்கி விமான நிலையமே பெரும்பாலும் அவ்வாறு பெற்ற நிலத்தில் நிற்கிறது. பழைய அளவைகளைக் கொண்டு ஆக்கிய காட்சியில், 2000-க்குப் பின் எழுந்த கரை கடலாகவே இருக்கும். ஃபிளைட்கியரின் தொடக்ககால நிலக்காட்சிக்குப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்த பழைய படங்களே அடிப்படையாயின. நிலம் அசையாதது என்னும் எண்ணத்தில் செய்த கருவிகள், அசையும் நிலத்தில் தடுமாறுகின்றன.

பொழுதின் நிலையோ இரங்கத்தக்கது. 2006-இன் மைக்ரோசாஃப்ட் பதிப்பு, நிலத்தின் தோற்றத்தைப் பருவந்தோறும் மாற்ற ஐந்து இடங்களை வகுத்தது: வசந்தம், வேனில், இலையுதிர் காலம், பனிக்காலம், கடும்பனிக்காலம். பனிக்கு இரண்டு இடம். மழைக்கு ஓரிடமும் இல்லை. கார், கூதிர் எனப் பெரும்பொழுதை ஆறாக வகுத்த நமக்கு இது வியப்பைத் தரும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தஞ்சை வயல் நீர்ப்பரப்பாய் நிற்பதையும், சித்திரையில் அதுவே வெடித்துக் கிடப்பதையும் வசந்தம் என்றோ இலையுதிர் காலம் என்றோ எப்பெட்டியில் இடுவது? கருவியைச் செய்தவன் தன் நாட்டுப் பொழுதை உலகப் பொழுதாகக் கொண்டான், அவ்வளவே. வானத்திலிருந்து எடுத்த படத்தை நிலத்தின்மேல் ஒட்டும் முறையிலும் இக்குறை வேறுவகையில் உண்டு. படம் எடுத்த வேளையின் நிழல் அப்படத்திலேயே உறைந்துவிடுகிறது. பாவனைக் கதிரவன் கிழக்கே எழுந்தாலும் மேற்கே சாய்ந்தாலும் அந்நிழல் பெயர்வதில்லை.

கருப்பொருள்

நிலத்தின்மேல் மரமும் வீடும் தாமே முளைக்குமாறு செய்தல் இக்கலையின் பழைய உத்தி. இன்ன பகுதி ஊர், இன்ன பகுதி காடு எனக் குறித்துவிட்டால், மென்பொருள் தன் பெட்டகத்திலிருந்து வீடுகளையும் மரங்களையும் எடுத்து நிறைக்கும். அப்பெட்டகத்தில் இருப்பன மேலைநாட்டுச் சாய்கூரை வீடுகளே மிகுதி. ஆதலின் தமிழூர் ஒன்றின்மேல் பறப்பவன் கோபுரத்தைக் காணான், ஊருணியைக் காணான். இங்கிலாந்தின் நாட்டுப்புறம் ஒன்றைக் காண்பான்.

2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் பதிப்பு இதனை வேறு வகையில் தீர்க்க முனைந்தது. வானிலிருந்து எடுத்த படங்களை எந்திர அறிவுக்குக் கற்பித்து, உலகெங்கும் 150 கோடிக் கட்டடங்களை அது நிறுத்திற்று என அறிவித்தனர். பெருமுயற்சிதான். ஆயினும் இலண்டனின் பக்கிங்காம் அரண்மனை அதில் அலுவலகக் கட்டடம் போல நின்றது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நிகழ்ந்ததோ ஏடெழுதுவோர் பிழைகளை அறிந்த தமிழாசிரியர்க்கு நன்கு விளங்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுவரைபடத்தில் ஒருவர், 2 மாடி என்று எழுத வேண்டிய இடத்தில் 212 மாடி எனத் தவறி எழுதிவிட்டார். எந்திரம் ஐயுறவில்லை. வீடுகள் நிறைந்த புறநகரில் வானளாவிய ஒற்றைத் தூண் எழுந்தது. வரைபடத்தில் அப்பிழையைப் பிறர் திருத்திய பின்னரும், பழைய படியைக் கொண்ட பாவனை உலகில் தூண் நின்றது. பறப்போர் அதனைச் சுற்றுலாவாகச் சென்று கண்டனர்.

1887-இல் சிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிந்தார். ஒரு சொல் பொருந்தவில்லையெனின் அவர்க்கு ஐயம் எழுந்தது; ஐயம் எழுந்ததனால் தேடினார். எந்திரத்திடம் விரைவு உண்டு. அவ்வூரில் 212 மாடி இராது என்னும் ஐயம் இல்லை. ஊரறிந்தவனுக்கே அவ்வையம் எழும். ஆதலின் எந்திரம் மிகுந்த காலத்தில் ஆர்வலன் தேவையும் மிகுகிறதேயன்றிக் குறையவில்லை. இரண்டாம் சாரார் கொள்கைக்கு இது முதல் மறுப்பு.

ஆர்வலரையும் இவ்விடத்தே கடிந்துரைக்க வேண்டும். அவர்தம் கவனம் பெரும்பாலும் விமான நிலையத்தின் வேலிக்குள் அடங்கிவிடுகிறது. ஓடுபாதையின் எண், விளக்கின் நிறம், நிறுத்துமிடத்தின் கோடு, முனையத்தின் கண்ணாடி ஆகியவற்றில் மயிரிழை பிறழார். வேலிக்கு வெளியே ஊர் இருக்கிறது என்பதை மறந்துவிடுவர். விமானி தரையிறங்கும்போது வழிகாட்டுவது வேலிக்கு வெளியே உள்ள குன்றும் ஆறும் கோபுரமும் அன்றோ? மலேசியத் தோட்டப்புறத்தின் மேல் பறந்து பார்ப்பார்க்கு இக்குறை இன்னும் தெளிவாகும். பால்மரக்காடும் செம்பனைக்காடும் இயற்கைக் காடும் ஒரே பசுமையாகக் காட்டப்பெறும். பால்மரம் வரிசையில் நிற்கும். அவ்வரிசையை நட்டவர் மக்கள். அந்த நேர்கோடு மறைந்தால், அங்கே உழைத்த மக்களும் மறைகின்றனர்.

உரிப்பொருள்

நிலமும் மரமும் எதற்காக? சிறந்து நிற்பது உரிப்பொருளே என்றோம். பாவனை நிலத்திற்கு உணர்வு உண்டோ எனின், உண்டு என்பதற்கு இரண்டு சான்றுகள் கூறலாம்.

சிகாகோ நகரின் ஏரிக்கரையில் இருந்த மீக்ஸ் ஃபீல்டு என்னும் சிறு விமானத்தளமே மைக்ரோசாஃப்ட் பாவனைப் பறப்பின் தொடக்க இடமாக நெடுங்காலம் இருந்தது. அங்கே ஒருநாளும் கால்வையாத பல இலட்சம் மக்கள் அங்கிருந்தே முதன்முதல் பறந்தனர். 2003 மார்ச் இறுதியில், ஓரிரவில், நகர மேயரின் ஆணையால் அதன் ஓடுபாதை தோண்டிச் சிதைக்கப்பெற்றது. இன்று அது பூங்கா. ஆர்வலர் அதனைப் பாவனை நிலத்தில் மீண்டும் அமைத்துக்கொண்டனர். ஹாங்காங்கின் கைடாக் நிலையம் 1998 ஜூலையில் மூடப்பெற்றது. குன்றில் தீட்டிய சதுரங்கக் கட்டத்தை நோக்கி வந்து, மாடிவீடுகளின் தலைக்குமேல் வலப்புறம் திரும்பி இறங்கும் அரிய வழி அதனுடையது. மெய்யுலகில் அவ்வழியே இனி எவரும் இறங்கார். பாவனை வானில் இன்றும் நாள்தோறும் இறங்குகின்றனர்.

இஃது எந்திரத்தால் இயலாது. எந்திரம் இன்றைய படத்தைப் பார்த்து இன்றைய நிலத்தை ஆக்கும். கைடாக் ஓடுபாதையின் முனையில் இன்று இருப்பது 2013-இல் திறந்த பயணக் கப்பல் முனையம்; எந்திரம் அதைத்தான் காட்டும். மறைந்ததை மீட்பதற்குப் பழைய படமும், பழையோர் நினைவும், இது மறையத்தகாது என்னும் உணர்வும் வேண்டும். இரண்டாம் சாரார்க்கு இது முடிந்த மறுப்பு.

நம்மவர்க்கு இதனால் வருவது என்ன? புக்கிட் பாத்தோக் என்னும் பெயர்க்கு விளக்கங்கள் பல. மலாயில் புக்கிட் என்பது குன்று, பாத்தோக் என்பது இருமல். கற்சுரங்க வெடியோசை குன்று இருமுவது போலக் கேட்டதனால் எழுந்த பெயர் என்பது அவற்றுள் ஒன்று. அக்குன்றின்மேல் 1942-இல் போர்க்கைதிகளைக் கொண்டு ஜப்பானியர் நினைவுத்தூண் எழுப்பினர். படிக்கட்டு மட்டும் எஞ்சி நிற்க, இன்று உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் இருக்கிறது. 1937 முதல் 1955 வரை சிங்கப்பூரின் வானவாயிலாக விளங்கிய காலாங் நிலையத்தின் கட்டடம் மட்டும் உளது, ஓடுபாதை இல்லை. நிலத்தை இவ்வாறு அடுக்கடுக்காகப் படிக்கும் கண், அங்கு வாழ்வோர்க்கன்றி யார்க்கு வாய்க்கும்?

தோட்டங்களின் நிலை இதனினும் உடனடியானது. பால்மரம் செம்பனையாயிற்று, செம்பனை வீடமைப்புத் திட்டமாயிற்று. லயன் வீடுகள் இடிந்தன. மாரியம்மன் கோயில்கள் இடம் பெயர்ந்தன. பள்ளிகள் பல மூடப்பெற்றோ நகர்க்கு மாற்றப்பெற்றோ போயின. தோட்டப்பள்ளியில் பணியாற்றும் எனக்கு இது படித்தறிந்த செய்தியன்று. பழைய மாணவர் வந்து, தாம் பிறந்த வரிசை எங்கே இருந்தது எனக் கேட்கும்போது, சாலையோரத்துக் கடைவரிசையைக் காட்டி விடை கூறுகிறோம். அப்பழைய தோட்டத்தை ஓர் இளைஞன் பாவனை நிலத்தில் மீண்டும் அமைப்பானாயின், அது விளையாட்டாகுமா? உரிப்பொருள் உடைய நிலக்காட்சி என நாம் கூறுவது அதனையே.

ஆசிரியர் செய்யத்தக்கன

ஆசிரியர்ப் பயிற்சியில் நிலநூலை எங்கிருந்து தொடங்க வேண்டும் எனக் கற்றோம்? வகுப்பறையின் படம், பின் பள்ளியின் படம், பின் ஊரின் படம், அதன்பின் நாடு. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லும் அம்முறைக்கு நிலக்காட்சி ஆக்குதல் மிகப் பொருந்திய செயற்பாடம். மாணவர் தம் பள்ளியை அளக்கட்டும். கூரையின் உயரத்தை நிழலின் நீளத்தால் கணக்கிடட்டும். முதியோரை வினவி, முன்பு கிணறும் கோயிலும் இருந்த இடத்தைக் குறிக்கட்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் இடத்தின் தமிழ்ப்பெயரைத் தமிழிலேயே பதிய இடமுண்டு, அதனையும் பதியட்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை. பிளெண்டரும் ஃபிளைட்கியரும் விலையின்றிக் கிடைப்பன.

ஒரு தடை உண்டு. இக்கருவிகளைக் கையாளும் முறையைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. கருவியைத் தமிழர் பயன்படுத்துவது ஒரு நிலை. கருவியின் முறையைத் தமிழில் எழுதுவது அடுத்த நிலை. ஆறு பெரும்பொழுதுக்கும் இடம் வகுத்த கருவியைத் தமிழரே செய்வது அதற்கும் மேல்நிலை. முதல் நிலையிலேயே நின்றுவிட்டு, பண்டைத் தமிழர் வானூர்தி கண்டனர் எனப் பெருமை பேசுவதால் விளைவது ஒன்றுமில்லை.

முடிபு

ஆர்வலர் ஆக்கிய பாவனை நிலம், முதற்பொருளில் நிலத்தளவில் பெரிதும் வென்றது, பொழுதளவில் தோற்றது. கருப்பொருளில் வேலிக்குள் நிறைவும் வேலிக்கு வெளியே வறுமையும் உடையது. உரிப்பொருளில், மறைந்த இரண்டொரு நிலையங்களை மீட்ட இடத்தே உயர்ந்து, ஏனைய இடங்களில் இன்னும் தொடங்காமலே நிற்கிறது. தமிழ்நிலங்களைப் பொறுத்தவரை இக்குறைக்கு மேலைநாட்டு ஆர்வலரைக் குற்றங்கூறல் தகாது. அவர் தம் ஊரைச் செய்தனர். நம் ஊரைச் செய்ய வேண்டியவர் நாமே. தோட்டத்து முதியோர் நினைவோடு இருக்கும் இக்காலத்திலேயே அதனைத் தொடங்குதல் நன்று. அவர்க்குப் பின் கேட்டறிய ஆளில்லை.